மெய் சொன்னவர்கள் மாண்டார்கள், பொய் சொன்னவர்கள் பிழைத்தார்கள்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள்மீது ஒரு குற்றம் சாட்டப்படுகிறது. நீங்கள் அதைச் செய்யவில்லை. "செய்யவில்லை" என்று உண்மையைச் சொன்னால் தூக்கு. "ஆமாம், செய்தேன்" என்று பொய் சொன்னால் உயிர் தப்பலாம். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இது பட்டிமன்றத்திற்காக நான் கற்பனை செய்த கேள்வி அல்ல. 1692ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில், அன்று ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த சேலம் என்ற ஊரில், நூற்றைம்பதுக்கும் அதிகமானோர் இந்தக் கேள்வியின் முன் நிறுத்தப்பட்டனர். சேலம் என்றவுடன் மாம்பழம் நினைவுக்கு வரலாம். இது அந்தச் சேலம் அல்ல. பைபிளில் வரும் ஓர் ஊரின் பெயரை எடுத்து இவர்கள் வைத்துக்கொண்டது. அந்தப் பெயருக்கு 'அமைதி' என்பது பொருள். அமைதி என்று பெயர் சூட்டிய ஊரில்தான் சூனியக்காரர்கள் என்று சொல்லி ஒரே ஆண்டில் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். சேலத்தில் சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே யாரும் எரிக்கப்படவில்லை. ஆங்கிலேயச் சட்டப்படி தூக்கிலிட்டார்கள். அதாவது கும்பல் கூடிச் செய்த கொலை அல்ல இது. நீதிபதி, ஜூரி, சாட்சி, எழுத்தர் எல்லாம் வைத்து, சட்டப்படி நடந்தது. நாம் கவலையோடு பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

புகைந்துகொண்டிருந்த ஊர்

அங்கே வாழ்ந்தவர்கள் பியூரிட்டன்கள் எனப்படும் கிறிஸ்துவப் பிரிவினர். இங்கிலாந்துத் திருச்சபையில் தூய்மை போதவில்லை என்று கருதி, கடல் கடந்து வந்து, கடவுளுக்குப் பிடித்த ஒரு சமுதாயத்தை உருவாக்க நினைத்தவர்கள். கடவுளை எவ்வளவு உறுதியாக நம்பினார்களோ அவ்வளவு உறுதியாகச் சாத்தானையும் நம்பினார்கள். சூனியம் செய்வது அவர்கள் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றம்.

சேலம் நகரை ஒட்டி, சேலம் கிராமம் என்ற விவசாயக் குடியிருப்பு இருந்தது. இன்று அதன் பெயர் டான்வர்ஸ். சில நூறு பேர் வாழ்ந்த அந்தக் கிராமத்தில் சண்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. நில எல்லைச் சண்டை, குடும்பச் சண்டை, பாதிரியாருக்குச் சம்பளம் கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டை. 1689இல் வந்த சாமுவேல் பாரிஸ் என்ற பாதிரியாருக்கு 1691இன் இறுதியில் சம்பளத்திற்கான வரியை வசூலிக்கவே ஊர்க் குழு மறுத்துவிட்டது. குளிர்காலத்திற்கு விறகு வருமா என்பதே கேள்விக்குறியாகியிருந்தது.

வெளியே போர். வடக்கே எல்லைப் பகுதிகளில் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடியினரும் ஆங்கிலேயக் குடியிருப்புகளைத் தாக்கிக்கொண்டிருந்தனர். வீடிழந்தவர்கள் சேலம் வட்டாரத்திற்கு வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் குற்றம் சாட்டிய பெண்களில் ஒருவரான மெர்சி லூயிஸ் அப்படிப் பெற்றோரை இழந்து, வீட்டு வேலைக்கு வந்தவர்.

அரசாங்கமும் உறுதியாக இல்லை. குடியேற்றத்தின் உரிமைச் சாசனத்தை 1684இல் இங்கிலாந்து ரத்து செய்திருந்தது. புதிய சாசனத்தோடு ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் பாஸ்டனில் வந்து இறங்கியது 1692 மே மாதத்தில்தான். அதற்குள் சிறைகள் நிரம்பிவிட்டன.

இரண்டு சிறுமிகள்

1692 தொடக்கத்தில் பாதிரியாரின் ஒன்பது வயது மகள் பெட்டிக்கும், அதே வீட்டில் வளர்ந்த பதினொரு வயது எபிகேல் வில்லியம்ஸுக்கும் ஏதோ நேர்ந்தது. உடலை முறுக்கிக்கொண்டார்கள், கத்தினார்கள், யாரோ கிள்ளுவதாகவும் கடிப்பதாகவும் அழுதார்கள். வந்து பார்த்த மருத்துவர், இது தீய சக்தியின் வேலை என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு மேரி சிப்லி ஒரு பரிகாரம் சொன்னார். சிறுமிகளின் சிறுநீரைக் கம்பு போன்ற ஒரு தானியத்தின் மாவில் கலந்து, ரொட்டியாகச் சுட்டு, நாய்க்குப் போட வேண்டும். சூனியம் வைத்தது யார் என்று தெரிந்துவிடுமாம்! சூனியத்தைக் கண்டுபிடிக்கச் சூனியம். சில நாள்களில் மூன்று பெயர்கள் வெளிவந்தன.

யார் அந்த மூவர்? தித்துபா, பாதிரியார் வீட்டில் அடிமையாக இருந்த செவ்விந்தியப் பெண். சேரா குட், வீடுவீடாகச் சென்று கையேந்திப் பிழைத்த ஏழை. சேரா ஆஸ்பர்ன், நோயாளி, சொத்து வழக்கில் சிக்கியவர், நெடுநாளாகத் தேவாலயத்திற்கு வராதவர். கேட்க நாதியில்லாதவர்கள்மீதுதான் முதல் கல் விழுந்தது.

மார்ச் 1ஆம் தேதி விசாரணை தொடங்கியது. விசாரித்த ஜான் ஹாத்தார்ன், "நீ சூனியக்காரியா?" என்று தொடங்கவில்லை. எந்தத் தீய ஆவியோடு உறவு வைத்திருக்கிறாய், ஏன் இந்தப் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறாய் என்றே தொடங்கினார். தீர்ப்பு முதலில், கேள்வி பிறகு.

இரண்டு சேராக்களும் மறுத்தார்கள். தித்துபா ஒப்புக்கொண்டார். ஓர் அடிமைப் பெண்ணுக்கு வேறு என்ன வழி இருந்தது? எசமானர் தம்மை அடித்து ஒப்புக்கொள்ள வைத்ததாக அவர் பின்னர் கூறியதாகவும் ஒரு பதிவு உண்டு. சாத்தானின் புத்தகத்தில் வேறு சிலரும் கையெழுத்திட்டிருப்பதைப் பார்த்தேன் என்று அவர் சொன்னதுதான் ஊரை உலுக்கியது. அப்படியானால் மற்றவர்கள் யார்? பக்கத்து வீடா, எதிர்வீடா?

தேடல் தொடங்கியது. சேரா குட்டின் மகள் டாரத்தியையும் பிடித்தார்கள். அவளுக்கு வயது நான்கோ ஐந்தோதான். விலங்கிட்டு எட்டு மாதத்திற்கு மேல் சிறையில் வைத்தார்கள். தாய் தூக்கில் மாண்டார். அந்தக் குழந்தையின் மனம் அதற்குப் பிறகு தேறவே இல்லை என்று அவள் தந்தை பின்னாளில் அரசுக்கு எழுதினார்.

ஆனால் நோய் கண்ட பெட்டியை அவள் பெற்றோர் சேலம் நகரில் ஒரு குடும்பத்தின் வீட்டிற்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே அவள் மெல்லக் குணமானாள். அதைப் பார்த்தாவது ஊர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

காணாத உருவமே சாட்சி

புதிய ஆளுநர் மே மாத இறுதியில் ஒரு சிறப்பு நீதிமன்றத்தை அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் இல்லை.

அங்கே ஏற்கப்பட்ட சாட்சியத்தை 'ஆவியுருச் சாட்சியம்' எனலாம். "இவருடைய உருவம் நேற்றிரவு என் அறைக்கு வந்து என் கழுத்தை நெரித்தது" என்று ஒரு பெண் சொல்வாள். "நேற்றிரவு நான் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், என் கணவரே சாட்சி" என்று நீங்கள் சொன்னால் பயனில்லை. உடல் வீட்டில் இருக்கலாம், உருவம் போயிருக்கலாம் அல்லவா? ஒருவர் சம்மதம் இல்லாமல் அவர் உருவத்தைச் சாத்தான் எடுக்க முடியாது என்பது தலைமை நீதிபதியின் உறுதியான நம்பிக்கை. ஆகவே உருவம் தெரிந்தது என்றால் குற்றம் உறுதி. பார்த்தவர் சொல்வதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, அதை மறுக்கவும் வழி இல்லை.

ஜூன் 10ஆம் தேதி பிரிட்ஜெட் பிஷப் முதலாவதாகத் தூக்கிலிடப்பட்டார். நீதிபதிகளில் ஒருவரான நத்தானியேல் சால்டன்ஸ்டால் மனம் ஒப்பாமல் விலகிக்கொண்டார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

ரெபெக்கா நர்ஸ்

இந்த வழக்குகளில் என்னை மிகவும் பாதித்தது ரெபெக்கா நர்ஸின் வழக்கு. வயது 71. எட்டுப் பிள்ளைகளின் தாய். பக்தியால் ஊர் மதித்த மூதாட்டி. காது மந்தம்.

அவருக்காக 39 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். சாதாரண கையெழுத்தா அது? சூனியக்காரிக்குப் பரிந்து பேசுபவரும் சூனியக்காரர்தான் என்று சந்தேகப்பட்ட காலம். அடுத்த கைது தங்களுடையதாக இருக்கலாம் என்று தெரிந்தே கையெழுத்திட்டார்கள். அவரைக் குற்றம் சாட்டிய பட்னம் குடும்பத்தைச் சேர்ந்த சிலரின் பெயர்களும் அதில் இருந்தன.

ஜூரி என்ன தீர்ப்புச் சொன்னது தெரியுமா? குற்றவாளி அல்ல! தீர்ப்பைக் கேட்டவுடன் குற்றம் சாட்டிய பெண்கள் அலறித் துடித்தார்கள். தலைமை நீதிபதி ஜூரியைப் பார்த்து, அந்த அம்மாள் முன்பு சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று கேட்டார். சூனியத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணைச் சாட்சி சொல்ல அழைத்து வந்தபோது, அவர் 'எங்களில் ஒருவர்' என்ற பொருளில் ரெபெக்கா ஏதோ சொல்லியிருந்தார். 'எங்களில்' என்றால் சூனியக்காரர்களிலா?

ஜூரி அவரிடமே விளக்கம் கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, தீர்ப்பைக் 'குற்றவாளி' என்று மாற்றினார்கள். தன்னோடு சிறையில் இருந்தவர் என்ற பொருளில்தான் சொன்னேன், காது மந்தமாகவும் மனம் துயரத்திலும் இருந்ததால் கேட்ட கேள்வியே எனக்கு விளங்கவில்லை என்று அவர் பின்னர் எழுத்து மூலம் தெரிவித்தார். ஆளுநர் தண்டனையை நிறுத்தினார், எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றார். ஜூலை 19ஆம் தேதி, சேரா குட் உட்பட மேலும் நால்வரோடு ரெபெக்கா தூக்கிலிடப்பட்டார்.

காதில் விழாத ஒரு கேள்விக்காக ஓர் உயிர் போயிற்று.

ஒப்புக்கொண்டால் உயிர்

இதற்குள் மக்களுக்கு ஒன்று புரிந்துவிட்டது. மறுத்தவர்கள் தூக்கு மேடைக்குப் போனார்கள். ஒப்புக்கொண்டவர்கள் சிறையில் உயிரோடு இருந்தார்கள், வேறு பெயர்களைக் காட்டிக்கொடுப்பதற்காக. ஏறத்தாழ ஐம்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு அதிலேயே நின்ற ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு அது பொய் என்று சொன்ன சாமுவேல் வார்ட்வெல் தூக்கிலிடப்பட்டார்.

மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற இளம்பெண் பயத்தில் ஒப்புக்கொண்டாள். தன் தாத்தா ஜார்ஜ் ஜேக்கப்ஸையும், அந்த ஊரின் முன்னாள் பாதிரியார் ஜார்ஜ் பரோஸையும் காட்டிக்கொடுத்தாள். மனசாட்சி உறுத்தியது. சொன்னது பொய் என்று அறிவித்தாள். நீதிமன்றம் அவள் பொய்யை நம்பியது, மெய்யை நம்பவில்லை. தண்டனை நிறைவேறும் முதல் நாள் பரோஸிடம் சென்று மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்து, அவளுக்காக ஜெபமும் செய்தார். ஆகஸ்ட் 19ஆம் தேதி தாத்தாவும் பாதிரியாரும் மாண்டார்கள்.

தூக்கு மேடையில் பரோஸ் பரமண்டல ஜெபத்தைப் பிழையின்றிச் சொன்னார். சூனியக்காரரால் அது முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டம் கலங்கியது. அங்கே குதிரை மேல் இருந்த காட்டன் மேதர் என்ற பெயர்பெற்ற பாதிரியார், சாத்தானும் ஒளியின் தூதனைப் போல வேடமிடுவான் என்ற கருத்தைச் சொல்லிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். தங்கள் சோதனையிலேயே ஒருவர் தேறியபோது, சோதனையையே தூக்கி எறிந்தார்கள்.

எண்பது வயதைத் தொட்ட ஜைல்ஸ் கோரி விசாரணைக்கே உடன்பட மறுத்தார். சம்மதிக்க வைப்பதற்காக அவர் மார்பின் மேல் கற்களை அடுக்கினார்கள். செப்டம்பர் 19ஆம் தேதி கற்களின் கீழேயே இறந்தார். இன்னும் எடை வையுங்கள் என்று சொன்னதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மூன்று நாள் கழித்து அவர் மனைவி மார்த்தாவும் மேலும் எழுவரும் தூக்கிலிடப்பட்டனர். அதுவே கடைசி.

அந்த எண்மரில் ஒருவர் மேரி ஈஸ்டி, ரெபெக்காவின் தங்கை. சாவதற்கு முன் அவர் ஒரு மனு எழுதினார். தம் உயிரைக் காப்பாற்றும்படி அவர் கேட்கவில்லை. நான் சாகத்தான் போகிறேன், ஆனால் இனிமேலாவது குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தப்படக் கூடாது, சாட்சிகளைத் தனித்தனியாக வைத்து விசாரியுங்கள், ஒப்புக்கொண்டவர்களையும் சோதித்துப் பாருங்கள் என்பதே அவர் மனுவின் சாரம். நீதிபதிகள் மறந்துபோன சட்டத்தை, தூக்குக்குக் காத்திருந்த ஒரு குடும்பப் பெண் அவர்களுக்கு நினைவூட்டினார்.

எப்படி நின்றது?

குற்றச்சாட்டு ஏழைகளைத் தாண்டிப் பெரிய வீடுகளின் கதவைத் தட்டியது. ஆளுநரின் மனைவியின் பெயரும் அடிபட்டது. தலைவர்களின் மனமாற்றத்திற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் துணிந்து எழுதியவர்களும் இருந்தனர். தாமஸ் பிராட்டில் என்ற பாஸ்டன் வணிகர் அக்டோபரில் ஒரு கடிதம் எழுதினார். கண்களை மூடிக்கொண்டு உருவங்களைப் பார்த்தோம் என்கிறார்களே, மூடிய கண் எதையாவது பார்க்குமா என்ற வகையில் அவர் கேள்வி எழுப்பினார். காட்டன் மேதரின் தந்தையும் ஹார்வர்ட் கல்லூரியின் தலைவருமான இன்கிரீஸ் மேதர், ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்திற்குரிய பத்துப் பேர் தப்பிப்பது மேல் என்ற கருத்தை முன்வைத்தார்.

அக்டோபர் இறுதியில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றம் ஆவியுருச் சாட்சியத்தை ஏற்கவில்லை. அந்த ஒன்றை எடுத்ததும் வழக்குகள் சீட்டுக்கட்டு வீடு போலச் சரிந்தன. பெரும்பாலோர் விடுதலையானார்கள். மே மாதத்திற்குள் ஆளுநர் எஞ்சியவர்களையும் விடுவித்தார். ஆனால் சிறையில் இருந்த நாள்களுக்கான செலவைக் கைதிகளே கட்ட வேண்டும்! பணம் கட்ட ஆளில்லாத தித்துபா ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். யாரோ ஒருவர் அந்தக் கட்டணத்தைச் செலுத்தி அவரை வாங்கிச் சென்றார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிய பதிவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். அவர்களில் 14 பேர் பெண்கள். கற்களின் கீழ் இறந்தவர் ஒருவர். சிறையில் இறந்தவர்கள் குறைந்தது ஐவர்.

ஏன் நடந்தது?

கெட்டுப்போன தானியத்தில் வளரும் ஒரு பூஞ்சையால் சிறுமிகளுக்கு மயக்கம் ஏற்பட்டது என்று 1976இல் ஒரு கருத்து வந்தது. அதே ஆண்டிலேயே அதற்கு மறுப்பும் வந்தது. நிலமும் குடும்பப் பகையும்தான் காரணம் என்று சிலரும், எல்லைப் போரின் அச்சம்தான் காரணம் என்று சிலரும் ஆய்வு நூல்கள் எழுதியுள்ளனர். இவை அனைத்திலும் ஓரளவு உண்மை இருக்கலாம்.

ஆயினும் என் கருத்து இதுதான். பயமும் பகையும் எல்லா ஊரிலும் உண்டு. சிறுமிகள் அலறுவதும் புதிதல்ல. சேலத்தில் இருபது உயிர்களைப் பறித்தது, குற்றச்சாட்டையே ஆதாரமாக ஏற்றுக்கொண்ட நீதிமன்றம். அந்தக் கதவைத் திறந்ததும் சாவு நுழைந்தது. அதை மூடியதும் சாவு நின்றது. நான்கே மாதத்தில் சாத்தான் ஊரைவிட்டுப் போய்விட்டானா என்ன?

மன்னிப்புக்கு எவ்வளவு காலம்?

1697 ஜனவரி 14ஆம் தேதி, பாஸ்டன் தேவாலயத்தில் நீதிபதி சாமுவேல் சூவல் எழுந்து நின்றார். பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்பதாக அவர் எழுதிய கடிதத்தைப் பாதிரியார் சபையின் முன் வாசித்தார். ஜூரிகள் பன்னிருவரும் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டனர். பலரைக் குற்றம் சாட்டிய ஆன் பட்னம், 1692இல் 12 வயதுச் சிறுமி, 1706இல் தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டார். ரெபெக்காவின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டு வருந்தினார். தலைமை நீதிபதி ஸ்டோட்டன் மட்டும் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

1711இல் அரசு 22 பேர்மீது விழுந்த பழியை நீக்கி, இழப்பீடும் வழங்கியது. விடுபட்டவர்களில் ஐவருடைய பெயர்கள் 2001இல்தான் சட்டப்படி துடைக்கப்பட்டன. அதன் பிறகும் ஒருவர் மிஞ்சினார். எலிசபெத் ஜான்சன், 1692இல் அவருக்கு வயது 22. விசாரணையில் ஒப்புக்கொண்டவர். 1693இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆளுநரால் உயிர் தப்பியவர். பழியை நீக்கும்படி அவரே 1712இல் மனு செய்தார். பலன் இல்லை. திருமணமாகாதவர் என்பதால் அவருக்காகப் பேச வாரிசுகளும் இல்லை.

அவருக்காகப் பேசியவர்கள் யார் தெரியுமா? நார்த் ஆண்டோவர் என்ற ஊரில் எட்டாம் வகுப்பு மாணவர்கள். தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து பழைய ஆவணங்களைப் படித்து, சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதி, விடாமல் முயன்றார்கள். 2022 ஜூலையில் எலிசபெத்தின் பெயர் சட்டப்படி துடைக்கப்பட்டது. ஒரு பழியைச் சுமத்தச் சில நிமிடம் போதும். அதை இறக்கி வைக்க 329 ஆண்டுகள் ஆயின.

நேயர்களே, 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொன்ன பழமொழி. ஒருவரைப் பற்றி ஒரு செய்தி நம் கைத்தொலைபேசிக்கு வருகிறது. யார் பார்த்தது, எப்போது பார்த்தது, சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் அதை நாம் அடுத்தவருக்கு அனுப்பினால், அந்தச் சேலத்து ஜூரியின் நாற்காலியில் நாமும் ஒரு நொடி அமர்ந்து எழுகிறோம்.

அன்று 39 பேர் பயத்தை மீறிக் கையெழுத்திட்டார்கள். அவர்களால் ரெபெக்காவைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மனு அழியவில்லை, அந்தப் பெயர்களும் அழியவில்லை. நம் தெருவில் ஒருவர்மீது எல்லாரும் விரல் நீட்டும்போது, நாம் எந்தப் பட்டியலில் பெயர் எழுதப் போகிறோம்? சிந்திப்போம்.